மருந்துக்கடைக்காரர் கேட்ட கேள்வி

என் கணவருக்கு வயது 46. ஒரு நாளைக்கு 15 சிகரெட். மூன்று முறை நிறுத்திப் பார்த்தார். ஒரு முறையும் பத்து நாள் தாண்டவில்லை. இப்போது நிகோடின் கம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே மெல்கிறார், விக்கல்தான் வருகிறது. அவர் மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை வாங்கும் கடையில்தான் கம்மும் வாங்கினேன். கடைக்காரர் "யாருக்கு?" என்றார். கௌரவமான குடும்பம் என்பதால், தூரத்து உறவினருக்கு என்று சொல்லிவிட்டேன். இவருக்கு மன உறுதி வர என்ன வழி?
— பெயர் வேண்டாம், மன்னார்குடி

சகோதரி, மன உறுதி இருக்கட்டும். தூரத்து உறவினருக்கு என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தீர்களே, அதைப் பேசுவோம்.

கடைக்காரர் வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டிருப்பார். அரை மணிக்குள் என்றால் 2 மில்லிகிராம் கம் போதாது. 4 மில்லிகிராமுக்கு மருத்துவரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்லியிருப்பார். மெல்லும் முறையையும் சொல்லிக் கொடுத்திருப்பார். நாலைந்து முறை மென்று, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படியே. டீ, காபி குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் கணவர் செய்வதுபோல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலாகத்தான் வரும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த மாத்திரையைப் படித்தபோதுதான். சிகரெட் புகை தியோஃபிலினை உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்துவிடும். புகைக்கிறவருக்கு அதையும் கணக்கில் வைத்தே அளவு எழுதுவார்கள். புகை நின்றால் அதே மாத்திரை இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். வாந்தி, படபடப்பு, அளவு மிஞ்சினால் வலிப்புகூட வரும். கம்மும் மாத்திரையும் ஒரே வாய்க்குள் போகின்றன என்று தெரிந்திருந்தால், "முதலில் மருத்துவரைப் பாருங்கள்" என்று அன்றே திருப்பி அனுப்பியிருப்பார். அவர் கண்ணைக் கட்டியது நீங்கள்.

கௌரவமாம்! சட்டையில் அடிக்கும் வாடையைத் தெருவே அறியும். அறியாமல் இருப்பவர் உதவக்கூடிய அந்த ஒருவர்தான். புகைப்பவர் வீட்டில் இருக்க, நீங்கள் ஏன் கடை வாசலில் கூனிக் குறுகி நிற்கிறீர்கள்? காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுங்கள், அது மனைவி செய்ய வேண்டியது. அவர் வெட்கத்தைச் சுமப்பது உங்கள் வேலை இல்லை. குடும்பத்துக்காக மூச்சோடு இருப்பது அவர் கடமை. அதற்குக் கடைவரை நடக்கக்கூட மாட்டாரா?

நாளைக்கே கடைக்குப் போய், "அன்று பொய் சொன்னேன், என் கணவருக்குத்தான்" என்று சொல்லுங்கள். இரண்டு வார்த்தை திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துக் கணவரைத் தனியாக அனுப்புங்கள். கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்து அனுப்புங்கள், பேச முடியும். சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகியிருக்கிறது. அதிலும் அவரே பேசட்டும். மருத்துவர் மாத்திரை அளவைப் பார்த்துச் சொன்ன பிறகு நிறுத்தும் நாளைக் குறிக்கலாம்.