கணினி கேள்வி-பதில்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பழைய டெஸ்க்டாப்

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளரிடம் இரண்டு பழைய கணினிகள் ஒரே விலையில் கிடைக்கின்றன. ஒன்று டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050: ஐ7-7700, 16 ஜிபி ராம். மற்றது ஆப்டிபிளெக்ஸ் 5060: ஐ5-8500, 8 ஜிபி ராம். ஐ7 என்பதால் முதலாவதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம், 5060-ஐ வாங்குங்கள். ஐ5, ஐ7 என்ற பெயர்கள் ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கத்தான் உதவும். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கடுத்த எண்ணை: 7700 ஏழாம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை. முன்னதில் 4 கோர் (கணக்கிடும் மையம்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்). பின்னதில் 6 கோர், 6 த்ரெட். அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. 7050-இல் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இருக்கிறதே என்று விற்பவர் சொல்லலாம். டிபிஎம் இருந்தும் பயனில்லை, ஐ7-7700 அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவும்போது விண்டோஸ் 11 செய்யும் இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. லினக்ஸ் மட்டும் போடுவதாக இருந்தால் 7050 தாராளமாகப் போதும், கூடுதல் ராமும் லாபம்.

5060-இல் ராம் குறைவு என்பதைச் சரிசெய்வது சுலபம். 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா, 4 ஜிபி இரண்டா என்று முதலில் கேளுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 சேர்த்தாலே டூயல் சேனலும் (இரண்டு ராமும் ஒருசேர வேகமாக இயங்கும் முறை) வந்துவிடும். பெட்டியின் வகையையும் கேளுங்கள்: மைக்ரோ என்ற மிகச் சிறிய வகைக்கு லேப்டாப் ராம்தான் பொருந்தும். பிராசஸர் எண்ணின் முடிவில் 'டி' இருந்தால் அது 35 வாட் வகை. சாதாரண 65 வாட் வகையைவிடக் கனமான வேலையில் மெதுவாக ஓடும்.

கேள்வி: 110 வோல்ட் நாட்டிலிருந்து வரும் கணினியை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகலாமா?

பதில்: பவர் சப்ளையின் லேபிளைப் படிக்காமல் செருகாதீர்கள். அதில் "100-240" என்று இருந்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும், கேபிள் மட்டும் மாற்றினால் போதும். சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115/230 என்று சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், செருகும் முன் அதை 230-க்கு மாற்றுங்கள். அது 115-இல் இருக்கும்போது உள்ளே வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை இயல்பாக நேர்மின்சாரமாக மாற்றினால் சுமார் 325 வோல்ட் வரும், இரட்டிப்பானால் 650. உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் அதைத் தாங்காது, வெடிக்கக்கூடும். லேபிளில் 115 மட்டும் இருந்து ஸ்விட்ச்சும் இல்லையென்றால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் மாற்றிக்கொள்வதும் எளிதல்ல: பல ஆப்டிபிளெக்ஸ்களில் மதர்போர்டின் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல. சிறிய பெட்டிகளில் பவர் சப்ளையின் வடிவமும் வேறு. கைக்குக் கிடைத்த ஏடிஎக்ஸ் (சாதாரண டெஸ்க்டாப் வகை) பவர் சப்ளையை உள்ளே பொருத்த முடியாது.

கேள்வி: பணம் கட்டும் முன் விற்பவரிடம் எதைக் கேட்பது?

பதில்: பயாஸ் திரையின் படம் (கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை). இதைத் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். நிறுவனங்கள் கழித்துவிடும் கணினிகளில் பயாஸ் பாஸ்வேர்ட் நீக்கப்படாமல் வருவது உண்டு. தெரியாமல் வாங்கினால் பூட் வரிசையைக்கூட (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதை) மாற்ற முடியாது, திருப்பி அனுப்பும் செலவோ கணினியின் விலையை எட்டிவிடும். படத்திலுள்ள சர்வீஸ் டேக் (டெல் கணினியின் அடையாள எண்), பெட்டியின் லேபிளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். டெல் கணினியில் செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது ஆப்ஸல்யூட் என்ற வரி இருக்கும், இது கணினியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் சேவை. அது இயக்கத்தில் இருந்தால் பழைய உரிமையாளரின் கண்காணிப்பு இன்னும் விலகாமல் இருக்கலாம்.

பிறகு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பதிவுசெய்யும் அறிக்கை. ஹார்ட் டிஸ்க்கில் ரீ-அலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் டிஸ்க்குக்கு மதிப்பே இல்லை என்று வைத்து விலை பேசுங்கள். பயன்படுத்திய கணினியை இறக்குமதி செய்ய முன் அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு, சுங்கத்தில் விசாரித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். கூரியர்கள் பெட்டியின் கன அளவையும் எடையாக மாற்றிக் கணக்கிடுவதால், டவர் பெட்டிக்குக் கட்டணம் எகிறும்.

வந்து சேர்ந்ததும் பிளக்கைச் செருகும் முன் மூடியைத் திறங்கள். வழியில் குலுங்கி ஹீட்சிங்க் ஆடுகிறதா, ராம் நழுவியிருக்கிறதா பாருங்கள். நேரம் தப்பாகக் காட்டினால் பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: 2017 ஐமேக் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு ஆப்பிள் தரும் கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் 13 வென்சுரா. திரைக்காக மட்டும் வாங்குவதும் சரிவராது, வேறு கணினியின் மானிட்டராக அதை நேரடியாக இணைக்க வழியில்லை.

கேள்வி: சிறிய எஸ்எஃப்எஃப் பெட்டியில் கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா?

பதில்: லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு, தனி மின் கனெக்டர் கேட்காதது, 75 வாட்டுக்குள் அடங்குவது: இந்த மூன்றும் பொருந்தினால் போடலாம். ஜிடிஎக்ஸ் 1650-இல் அப்படிப்பட்ட மாடல் இருக்கிறது. இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 200 வாட் அளவில்தான் இருக்கும் என்பதால் அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.