பழைய வள்ளத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் தனியார் வேலை. சம்பளம் 42,000 ரூபாய், வீட்டுச் செலவு 30,000, சேமிப்பு 2,40,000. தெரிந்த ஒருவரின் ஃபைபர் வள்ளம் நாலு வருஷமாகக் கரையில் கிடக்கிறது. பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினோடு 85,000 கேட்கிறார். மனைவியின் நகையை வைத்து 1,50,000 வாங்கி, நானே சீர்செய்து, சுற்றுலா வருபவர்களைத் தீவுப் பக்கம் கூட்டிப்போனால் கடன் அடைந்துவிடாதா? படகு வேலை எனக்குப் புதிது.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் கணக்கில் வரவு என்று இருப்பது தீவுச் சவாரி ஒன்றுதான், அது நடக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்க முடியாது. மீன்பிடிக்கப் பதிவான வள்ளத்தில் காசு வாங்கி ஆளேற்றவும் கூடாது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். அந்த வழியில் உங்கள் பணமோ உயிரோ போவதை நான் விரும்பவில்லை.

சவாரி இல்லையென்றால் இது முழுக்க ஆசைக்கான செலவு. ஆசை தப்பில்லை, கடன் வாங்கித்தான் செய்யக்கூடாது. வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 1,500 ரூபாய். வள்ளம் கடலில் இறங்காவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

ஆறு மாதச் செலவான 1,80,000 ரூபாயைத் தொடாதீர்கள். மிஞ்சுவது 60,000. மாதம் 8,000 வீதம் பத்து மாதம் ஆர்.டி. கட்டினால் 1,40,000 சேரும். விலை, பழுது, பதிவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாலு வருஷம் விலைபோகாத வள்ளம் இன்னும் பத்து மாதத்தில் பறந்துவிடாது. பேரம் பேசுவதும் அப்போது எளிது.

வாங்குமுன் எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் பாருங்கள். ஃபைபருக்கு உள்ளே பெரும்பாலும் பிளைவுட் வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி அது உளுத்துப்போகும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டங்’கென்று ஒலிக்கும், ஊறிய இடம் ‘தொப்’பென்று அமுங்கும். எஞ்சினின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகையும் கூடவே அசைந்தால் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். முதல்முறை செய்பவருக்கு அது பெரிய வேலை. ஆள் வைத்தால் கூலி வள்ளத்தின் விலையையே எட்டிவிடலாம். அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எஞ்சினுக்குத் தனி விலை போடச் சொல்லுங்கள். உப்புத்தண்ணீர் ஓடிய எஞ்சினைக் கழுவாமல் போட்டிருந்தால் குளிர்விக்கும் துளைகள் அடைத்து, பிஸ்டன் இறுகியிருக்கலாம். மெக்கானிக்கை அழைத்துப்போய் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று, பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டும்வரை அதன் மதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

சேமிக்கும் இந்த மாதங்களில், ஃபைபர் வேலை செய்பவரிடம் ஞாயிறுதோறும் உதவியாளாகப் போங்கள். ஃபைபரைப் பிணைக்கும் பசையான ரெசினில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் கொஞ்சம் கூடிவிட்டால் நம் ஊர் வெயிலில் டப்பாவிலேயே இறுகிவிடும். அப்படிக் கெடும் ஒவ்வொரு டப்பாவும் உங்கள் காசு. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும், தேய்க்கும்போது மூக்குக்கு முகமூடியும் முதல் செலவாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும். கற்றுக்கொள்ள அது நல்ல நேரம், ஆனால் உங்கள் வேலைக்கு மெக்கானிக் தேடினால் கிடைப்பது சிரமம்.

முன்பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.