"ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்" என்று நேர்காணலில் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: "சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?", "நீங்களாகப் பொறுப்பெடுத்துச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்றெல்லாம் கேட்கிறார்கள். நடந்ததை நான்கு பகுதியாகப் பிரித்துச் சொல்லும் ஸ்டார் (STAR) முறையில் தயாரித்துப் போனேன். ஆனாலும் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ஆகிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: ஒப்பிப்பதுபோல வருவதற்குக் காரணம், பதிலை முழு வாக்கியங்களாக எழுதி வைத்துக்கொள்வதுதான். அதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் எதிரே இருப்பவர் கையில் என்ன தாள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒழுங்காக நடத்தப்படும் நேர்காணலில் அது மதிப்பெண் தாள். ஒவ்வொரு கேள்விக்கு மேலும் ஒரு திறனின் பெயர் இருக்கும்: முரண்பாட்டைக் கையாளுதல், பொறுப்பெடுத்தல், திட்டமிடல் என்று. கீழே பெரும்பாலும் 1 முதல் 5 வரை அளவு. நீங்கள் பேசப்பேச அவர் குறிப்பெடுப்பார். நீங்கள் எழுந்து போன பிறகு அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். குறிப்பில் ஏறாத எதற்கும் மதிப்பெண் கிடையாது. "எல்லோரோடும் அனுசரித்துப் போவேன்" என்றால் அவர் பேனா அசையாது. "இரண்டு வாரத்தில் திரும்பி வந்த பொருள்களின் சீட்டுகளை எடுத்துக் காரணவாரியாகப் பிரித்தேன்" என்றால் எழுதிக்கொள்வார்.

அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் படையின் உளவியல் பிரிவில் வேலை செய்த ஜான் ஃப்ளனகன், 1954-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஒருவர் திறமைசாலியா என்று கேட்பதை விட, வேலை நன்றாக நடந்த அல்லது கெட்டுப்போன குறிப்பிட்ட ஒரு நிகழ்வில் யார் என்ன செய்தார் என்று கேட்பது பயன் தரும் என்பது அதன் சாரம். இன்றைய கேள்விகள் அதே தடத்தில் வருபவை.

ஸ்டாரின் நான்கு பகுதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. பலர் கோட்டை விடுவது அளவில். மொத்தப் பதில் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சூழலுக்கு 20 விநாடி, பொறுப்புக்கு 10, செயலுக்கு 70, விளைவுக்கு 20. தயாரிக்காமல் பேசினால் இது தலைகீழாகிவிடும். கம்பெனி என்ன செய்கிறது, டீமில் எத்தனை பேர், அந்த மென்பொருளின் பழைய வரலாறு என்ன என்று சூழலிலேயே ஒன்றரை நிமிடம் ஓடி, கடைசியில் "அப்புறம் எப்படியோ சரி பண்ணிட்டோம்" என்று முடியும். மதிப்பெண் முழுக்க அந்த "எப்படியோ"வுக்குள் இருக்கிறது.

அந்த "பண்ணிட்டோம்" இன்னொரு சிக்கல். தமிழில் வினையின் வாலைப் பார்த்தாலே செய்தது யார் என்று தெரிந்துவிடும்: செய்தேன், செய்தோம், செய்தார். "நான்" என்று தனியாகச் சொல்லக்கூடத் தேவையில்லை. ஆனால் தற்பெருமையாகத் தெரியுமோ என்ற கூச்சத்தில் "-ஓம்" என்றே பேசிப் பழகிவிட்டு, ஆங்கில நேர்காணலிலும் அதையே "வீ" என்று இறக்கிவிடுகிறோம். "முடிவு எடுக்கப்பட்டது", "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்பவை அதைவிட மோசம், செய்தவரே காணாமல் போய்விடுகிறார். கேட்பவர் எடுக்கப்போவது உங்களை. உங்கள் பழைய டீமை அல்ல. எல்லோரும் செய்ததற்கு "-ஓம்", நீங்கள் செய்ததற்கு "-ஏன்" என்று பிரித்துச் சொல்லுங்கள். "மூன்று பேர் சேர்ந்து முடித்தோம். அதில் தரவைச் சரிபார்க்கும் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன்" என்பதில் பெருமையடிப்பு எதுவும் இல்லை.

இன்னொரு வாலும் கவிழ்க்கும்: "செய்வேன்". தமிழில் இது எதிர்காலத்துக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். "அப்படி நடந்தால் முதலில் அவரிடம் பேசுவேன்" என்னும்போது உங்கள் பழக்கத்தைச் சொன்னதாக நினைக்கிறீர்கள். கேட்பவர் காதில் அது கற்பனையாக விழுகிறது. நடந்தது கேட்கப்பட்டால் இறந்தகாலம் மட்டும்தான்.

ஒரு மாதிரி பார்க்கலாம். கிடங்கில் பேக்கிங் பிரிவை நடத்தியவர் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: "யாரும் சொல்லாமலே நீங்களாகச் சரிசெய்த ஒன்று?"

"அளவு மாறிப் போனதால் வாரத்துக்குச் சுமார் 60 பொருள்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆறு பேர் கொண்ட பேக்கிங் ஷிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. ரிட்டர்னைக் குறைப்பது என் இலக்காக இல்லை, ஆனால் மறுபடி பேக் செய்யும் வேலை எங்களுக்கே வந்தது. இரண்டு வாரத்துச் சீட்டுகளை, மொத்தம் 118, எந்த ரேக்கிலிருந்து எடுத்தது என்று பிரித்தேன். 71 சீட்டுகள் இரண்டே ரேக்கிலிருந்து வந்தவை. அங்கே நின்று பார்த்தபோது ஒரே நிறப் பெட்டியில் இரண்டு அளவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மாற்றி அடுக்கலாம் என்றேன். அரை நாள் வேலை நிற்கும் என்று மேனேஜர் மறுத்தார். மாதாந்திர இருப்புக் கணக்கெடுப்பு அன்று எப்படியும் வேலை நிற்கிறதே, அன்றே செய்துவிடுகிறேன் என்று கேட்டு அனுமதி வாங்கினேன். ரேக்கிலிருந்து பொருள் எடுக்கக் கொடுக்கும் சீட்டில் அளவைப் பெரிய எழுத்தில் அச்சிடவும் ஏற்பாடு செய்தேன். நான்கு வாரத்தில் எண்ணிக்கை 25-க்கு வந்தது. மீதியில் பாதி வேறு காரணம். அதை நான் தொடவில்லை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லாததால்தான் 25 என்ற எண் நம்பும்படி இருக்கிறது. மேனேஜர் மறுத்த இடமும் முக்கியம். தடை இல்லாத கதையில் நீங்கள் முடிவெடுத்த இடமே இருக்காது. முடிவு எதுவும் இல்லாவிட்டால் குறிப்பெடுக்கவும் ஒன்றும் இல்லை.

"என் வேலையில் எண்ணே கிடையாதே" என்பவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள். தினமும் 40 நிமிடம் எடுத்த அறிக்கை உங்களால் தேவையில்லாமல் போனதா? மாதம் 22 வேலை நாள் என்றால் 880 நிமிடம், ஏறக்குறைய 14½ மணி நேரம். உண்மையாகவே எண் இல்லை என்றால் முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று சொல்லுங்கள். நீங்கள் செய்த படிவத்தைப் பக்கத்துப் பிரிவும் பயன்படுத்த ஆரம்பித்தது என்றால் அதுவும் விளைவுதான். வருமானம், வாடிக்கையாளர் பெயர் போன்ற ரகசியங்களை வெளியிட வேண்டாம். "மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்று விகிதமாகச் சொன்னால் போதும். உங்கள் ரகசியம் காக்கும் பழக்கத்தையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எத்தனை நிகழ்வுகள் வேண்டும்? 6 முதல் 8 போதும். கேள்விக்கு ஒன்று என்று 30 தயாரிப்பவர்கள்தான் அங்கே போய்த் தடுமாறுகிறார்கள். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நிகழ்வுகள், மேலே வேலை விளம்பரத்திலிருந்து பொறுக்கிய திறன்கள். எந்த நிகழ்வு எந்தத் திறனுக்குப் பொருந்துமோ அங்கே ஒரு புள்ளி. மேலே சொன்ன கிடங்குக் கதை பொறுப்பெடுத்தலுக்கும் ஆகும், தரவைப் பார்த்து முடிவெடுத்ததற்கும் ஆகும், மேலதிகாரியைச் சம்மதிக்க வைத்ததற்கும் ஆகும். அழுத்தம் கொடுக்கும் இடம் மட்டும் மாறும். புள்ளியே இல்லாத திறனுக்குத்தான் புதிதாக யோசிக்க வேண்டும். ஒரே நேர்காணலில் ஒரே கதையை இரண்டு முறை இழுக்காதீர்கள். பேனலில் இருப்பவர்கள் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தோல்வி பற்றிய கேள்விக்கு ரொம்பப் பேர் வேஷம் போடுகிறார்கள். "அளவுக்கு மீறி உழைத்துவிட்டேன்" என்ற பதிலை அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். தவறு உங்களுடையதாக இருக்க வேண்டும், யாருக்காவது ஏதாவது ஒரு செலவு வைத்திருக்க வேண்டும், திருத்திக்கொண்டதற்கு அத்தாட்சியும் வேண்டும். அந்த அத்தாட்சிக்கு "பாடம் கற்றுக்கொண்டேன்" என்ற வாக்கியம் போதாது. அதேபோன்ற சூழல் மறுபடி வந்தபோது என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நேர்மைக் குறைவு, பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறியது போன்றவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மோதல் பற்றிய கேள்வியில் எதிராளியின் நியாயத்தை அவரே சொல்வதுபோல ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் பக்கம் வாருங்கள்.

ஃப்ரெஷர்களுக்குக் கல்லூரி ப்ராஜெக்ட், பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி எல்லாம் செல்லும். "ப்ராஜெக்டில் நான்கு பேர்" என்றால் நான்கில் உங்கள் பங்கு எது என்பது கட்டாயம் வரும் அடுத்த கேள்வி.

அடுத்தடுத்த கேள்விகளில்தான் இட்டுக்கட்டிய கதை உடையும். "ஏன் அந்த வழி? வேறு என்ன யோசித்தீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்? இப்போது செய்தால் எதை மாற்றுவீர்கள்?" நடந்த கதை என்றால் இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். எண் மறந்துவிட்டதா, "50-க்கும் 60-க்கும் நடுவில்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டது உங்களுக்கு நடந்ததே இல்லையா, "அதே மாதிரி நடந்ததில்லை, கிட்டத்தட்ட அப்படி ஒன்று இருக்கிறது, சொல்லலாமா?" என்று கேளுங்கள். பதில் தொடங்கும்முன் பத்து விநாடி யோசிப்பது உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

இப்போது ஒப்பிக்கும் சிக்கல். ஒரு நிகழ்வுக்கு ஒரு சின்ன அட்டை. அதில் வாக்கியமே கூடாது. "60 ரிட்டர்ன் / 118 சீட்டு / 71, 2 ரேக் / மேனேஜர் – அரை நாள் / கணக்கெடுப்பு நாள் / 25" என்று இவ்வளவுதான். அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் வேறாக வரும், வர வேண்டும். கேட்கும்போது இரண்டை மட்டும் கவனியுங்கள்: முதல் "-ஏன்" எத்தனையாவது விநாடியில் வருகிறது, "-ஓம்" எத்தனை முறை வருகிறது. முதலாவது 40 விநாடியைத் தாண்டினால் சூழலை வெட்டுங்கள். ஒரு நிகழ்வுக்கு மூன்று முறை போதும். அதற்கு மேல் போனால் மறுபடி மனப்பாடமாகிவிடும்.