பையன் ஓப்பன் மைக் போகிறான்: ஒரு அப்பாவுக்குப் பதில்

திண்டுக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் சாருக்கு வணக்கம்.

மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. சனிக்கிழமை ராத்திரியானால் சென்னையில் ஓப்பன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கலாம் என்கிற மேடையில், ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறான் என்பதே பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய வீடியோவில்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "நாலு பேர் சிரிக்கிறதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?" என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவன் போகிற இடத்தைப் பார்த்தால் பயம் பாதி இறங்கிவிடும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன் கூப்பிட்டான் என்று போன மாதம் நானும் போய் உட்கார்ந்தேன். காபி கடை மாடி. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. பேச வந்தவர்கள் பதினான்கு பேர். பார்க்க வந்த கூட்டத்தில் பாதியும் அவர்களேதான். ஆளுக்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார்கள், முடித்துக்கொள் என்று அர்த்தம். சம்பளம் கிடையாது. சில இடங்களில் பேசுகிறவனே காசு கட்டித்தான் ஏற வேண்டும். என்னைக் கூப்பிட்ட பையன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசினான். ஒருத்தர் சிரிக்கவில்லை, ஏசி சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே வேர்த்துவிட்டது. இறங்கியவன் மூலையில் நின்று நோட்டை எடுத்து எதையோ அடித்து எழுதினான். இரண்டு வாரம் கழித்து அதே சாம்பார், 'வார்டன்' என்கிற சொல்லை மட்டும் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறான். சிரித்தார்களாம்.

உங்கள் மகனிடம் அந்த நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கிளாஸில் எல்லாரையும் சிரிக்க வைப்பான் என்பதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டாளிகள் எதற்கும் சிரிப்பார்கள். ஆறு மாத நோட்டில் ஒரே ஜோக் நாலைந்து தடவை திருத்தி எழுதப்பட்டிருந்தால் பையன் தொழில் கற்கிறான். வீடியோ மட்டும்தான் இருக்கிறது என்றால் பொழுதுபோக்கு, அதிலும் தப்பில்லை.

படிப்பை விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. காமெடியன் அலெக்சாண்டர் பாபு மென்பொருள் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய நிகழ்ச்சி 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. இன்னொரு காமெடியன் பிரவீன் குமார் பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே மேடை ஏறியவர். ஆபீஸ், மேனேஜர், இஎம்ஐ என்று பேச விஷயம் கிடைப்பதும் அந்த வேலையில்தான்.

காசு டிக்கெட் ஷோவைவிட கம்பெனி ஆண்டு விழாக்களில்தான் கொஞ்சம் கண்ணில் படும். அங்கே அரசியல், மதம் இரண்டையும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். எழுத்து கைவந்தால் விளம்பரம், ரேடியோ, யூடியூப், சினிமா வசனம் என்று பக்கத்து வாசல்களும் உண்டு. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் இயக்கம், திரைக்கதை படிப்பு இருக்கிறது. டிகிரி முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

மேடையில் பேசியதால் வம்பு வருமோ என்று பயந்தால், அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பயம் சரியானது. 2021 ஜனவரி 1 அன்று மேடை ஜோக் தொடர்பான புகாரில் இந்தூரில் கைதான காமெடியன் முனாவர் ஃபாரூக்கி, உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2025 மார்ச்சில், காமெடியன் குணால் காம்ராவின் அரசியல் ஜோக் பிடிக்காதவர்கள், அந்த வீடியோ எடுக்கப்பட்ட மும்பை ஹேபிடாட் அரங்கை அடித்து நொறுக்கினார்கள். பேசாதே என்று நான் சொல்ல மாட்டேன். எதை இணையத்தில் ஏற்றுவது என்பதையாவது ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய்யச் சொல்லுங்கள். முப்பது வினாடியாக வெட்டிப் போட்ட துண்டில் முன்பின் இருக்காது.

அடுத்த முறை சென்னை வரும்போது ஒரு சனிக்கிழமையைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று போய் நின்றால் பையன் உளறிவிடுவான். கடைசி வரிசையில் உட்காருங்கள். அப்பாவைப் பற்றி ஒரு ஜோக் நிச்சயம் இருக்கும். திட்டுவதானால் ஊருக்குப் போய் போனில் திட்டிக்கொள்ளலாம்.