மிருதங்கம், கராத்தே, பாண்ட் மூண்டுக்கும் போகமாட்டன் எண்ட மகனைப் பற்றி

அக்கா, 14 வயசு மகனை மிருதங்கம், கராத்தே, பாடசாலை பாண்ட் மூண்டுக்கும் அனுப்புறீங்கள், வகுப்பு நாளில வயித்துக்குத்து எண்டு படுக்கிறான் எண்டு எழுதியிருந்தீங்கள். அவன் பொய் சொல்லேல்ல. என்ர மகளுக்கும் உண்மையாவே நொந்தது. வீணை வகுப்புக்கு முதல் செருப்பு வாரைக் கழட்டிக் கழட்டிப் பூட்டிக்கொண்டு படியில இருப்பாள். அதைக் கண்டும் ஒரு வருசம் அனுப்பினன். இப்பவும் மனம் ஆறேல்ல.

இந்த வகுப்புகளின்ர சான்றிதழ் இல்லாட்டிக் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்காது எண்டு பயப்பிடுறீங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு உயர்தரப் பரீட்சையின்ர இசட் புள்ளியைத்தான் (பாடங்களின்ர கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடுற புள்ளி) பார்ப்பினம்: இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு. மிச்சம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில எங்கட திருகோணமலையும் இருக்கு.

மூண்டையும் ஒரு தவணைக்கு நிப்பாட்டுங்கோ. மாஸ்டர்மாரிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அவனை அனுப்பாதேங்கோ. பின்னேரத்தில டச்சுக் குடாக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒண்டும் கேக்காமல் பக்கத்தில இருங்கோ. என்ர மகள் அங்கதான் ஒருநாள் தானாவே "நீச்சல் பழகட்டோ?" எண்டு கேட்டாள். உங்கட மகன் ஒண்டும் கேக்காட்டியும் விடுங்கோ. வகுப்பில்லாத நாளிலயும் வயித்துக்குத்து வந்தால் சுணங்காமல் டொக்டரிட்டக் காட்டுங்கோ.