திருட்டுக் குதிரைக்கு என்ன விலை?

கேள்வி: 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வீடியோ விளையாட்டில் பிரெய்த்வெயிட் குடும்பத்துக் குதிரைகளைத் திருடினால் 5,000 டாலர் கிடைக்கும் என்கிறார், அவர்களுக்குப் பகையான கிரே குடும்பத்தைச் சேர்ந்த டாவிஷ் கிரே. ஆனால் வாங்குபவர் சில நூறு டாலர்களே தருகிறார். உண்மையிலும் அப்படித்தானா? குதிரை திருடியவர்களைத் தூக்கிலிட்டார்கள் என்பதும் மெய்யா?

பதில்: விலை விஷயத்தில் விளையாட்டு சரியாகவே சொல்கிறது. கதை நடக்கும் 1899இல், உயர்ந்த இனக் குதிரையின் மதிப்பில் பெரும்பகுதி அதன் வம்சாவளியில்தான் இருந்தது. அதற்கென 1868 முதலே 'அமெரிக்கன் ஸ்டட் புக்' என்ற பதிவேடு அச்சாகி வந்தது. திருடப் போகும் கதாபாத்திரங்களான ஆர்தரும் ஜானும் ஹாவியரும் லாயத்திலிருந்து குதிரையை ஓட்டி வரலாம், அந்த வம்சாவளியை ஓட்டி வர முடியாது. அது இல்லாவிட்டால் பந்தயக் குதிரையும் வேகமாக ஓடும் ஒரு குதிரை, அவ்வளவுதான். மேலும், துரத்தப்படுகிற திருடனால் வேறோர் ஆளிடம் விலை கேட்டுவர முடியாது என்பது திருட்டுக் குதிரை வாங்கும் கிளே டேவிஸுக்கு நன்றாகத் தெரியும். பகையாளியின் லாயத்தைக் காலி செய்யக் கூலியில்லாத ஆட்கள் கிடைத்ததால்தான் டாவிஷ் தொகையை ஏற்றிச் சொன்னாரோ என்பது என் ஐயம்.

தூக்குத் தண்டனை பற்றி நிலவும் எண்ணம் பாதி உண்மையே. ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் 1875 முதல் 1896 வரை நீதிபதியாக இருந்து, 'தூக்கு நீதிபதி' என்றே பெயர் வாங்கிய ஐசக் பார்க்கரின் தீர்ப்பால் தூக்கிலேறிய 79 பேரும் கொலை அல்லது பாலியல் வன்முறைக் குற்றவாளிகள். குதிரைத் திருட்டுக்காக அவர் முன் நின்ற பெல் ஸ்டாருக்கு 1883இல் கிடைத்தது ஓராண்டுச் சிறை. அதிலும் ஒன்பது மாதங்களில் வெளியே வந்துவிட்டார். கயிற்றைப் பெரும்பாலும் கையில் எடுத்தவர்கள், நீதிமன்றம் தொலைவில் இருந்ததாலோ அதன்மேல் நம்பிக்கை இல்லாததாலோ தாங்களே கூடிக்கொண்ட பண்ணைக்காரர்கள்தாம். 1884இல் மொன்டானாவில் கிரான்வில் ஸ்டூவர்ட் தலைமையில் திரண்ட கூட்டம், குதிரைத் திருடர்கள் எனக் கருதியவர்களை விசாரணையின்றியே சுட்டும் தூக்கிலிட்டும் கொன்றது.

ஆகவே பிரெய்த்வெயிட் ஆட்கள் சட்டத்தை நாடாமல் துப்பாக்கியோடு துரத்துவதில் வியப்பில்லை. அருகிலுள்ள ரோட்ஸ் நகரின் ஷெரிப்பும் ஒரு கிரேதான். அவர்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்கள்?