லெவல் டிரான்ஸ்மிட்டர்: ஃபுளோட்டை முதலில் பாருங்கள்

மலேசியாவின் பிறை தொழிற்பேட்டையில் வேலை. செம்பனை எண்ணெய்த் தொட்டியில் லெவல் டிரான்ஸ்மிட்டர் (திரவ மட்டத்தை அளந்து சொல்லும் கருவி) காட்டும் அளவு காலை நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. எண்ணெய் சூடான பிறகு சரியாகிறது. முதலாளி புது டிரான்ஸ்மிட்டர் வாங்கச் சொல்லிவிட்டார். வாங்கலாமா, ஐயா?

வேண்டாம் தம்பி. 'சூடான பிறகு சரியாகிறது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பதில் அதில்தான் இருக்கிறது.

தொட்டிக்குள் நிற்கும் குழாய்க் கம்பிதான் ராட், அதன்மேல் ஏறி இறங்கும் மிதவைதான் ஃபுளோட். ராட்டுக்குள் ரீட் சுவிட்சுகளும் (காந்தம் அருகே வந்தால் மூடும் சிறு சுவிட்சுகள்) ரெசிஸ்டர்களும் அடியிலிருந்து மேல்வரை வரிசையாக இருக்கும். ஃபுளோட்டுக்குள் காந்தம். ஃபுளோட் எந்த உயரத்தில் மிதக்கிறதோ அங்குள்ள சுவிட்ச் மூடிக்கொள்ளும். அதற்கேற்ப மாறும் வோல்டேஜை மேலே உள்ள சர்க்யூட் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக்கி, அளவைக் காட்டும் பேனலுக்கு அனுப்பும். செம்பனை எண்ணெயோ நம்ம ஊர் வெயிலிலேயே பாதி உறைந்து நிற்கிற சரக்கு. ராட்டுக்கும் ஃபுளோட்டுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடைவெளியில் அது இறுகினால் ஃபுளோட் நகராது. காந்தம் நகராதபோது சர்க்யூட் பழைய அளவைத்தானே சொல்லும்?

சந்தேகமிருந்தால் ராட்டைக் கழற்றித் துடைத்து, மல்டிமீட்டரை லூப்பில் (அந்த மின்னோட்டம் ஓடும் சுற்றில்) தொடராக இணைத்து, ஃபுளோட்டைக் கையால் நகர்த்துங்கள். அளவெல்லையின் அடியில் 4, நடுவில் 12, உச்சியில் 20 வந்தால் கருவி நன்றாக இருக்கிறது. துடைக்கும்போது ஃபுளோட்டில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய்த் துரு காந்தத்தைத் தேடி வந்து ஒட்டும், அதனாலும் ஃபுளோட் சிக்கும். ராட் நிற்கும் பக்கம் எண்ணெய் இளக்கமாக இருக்கும்படி சூடேற்ற வழி செய்யுங்கள். முடியாவிட்டால் எண்ணெயைத் தொடாத ரேடார் வகைக்கு மாறுவதே நல்லது. அதே வகையை இன்னொன்று வாங்கினால் அதுவும் காலையில் நிற்கும்.

கோலாலம்பூர் கொண்டோ அடுக்குமாடியில் ஜென்செட் (ஜெனரேட்டர்) டீசல் தொட்டி, படுக்கை உருளை. பேனல் 25 சதவீதம் என்கிறது, ஆனால் டீசல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. திருட்டா?

யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டருக்குத் தெரிந்தது உயரம் மட்டும். படுத்திருக்கும் உருளையில் கால்பங்கு உயரத்துக்கு டீசல் நின்றால் கொள்ளளவில் சுமார் 19.6 சதவீதம்தான் இருக்கிறது. 1000 லிட்டர் தொட்டியில் 250 என்று நீங்கள் நம்புவது உண்மையில் 196. பாதியில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். பாதிக்கு மேலே தலைகீழ்: பேனல் 75 என்னும்போது உள்ளே 80-க்கு மேல் இருக்கும். உயரத்தை லிட்டராக்கும் அட்டவணையைப் பேனலில் ஏற்றச் சொல்லுங்கள்.

அளவு சீராக ஏறாமல் 10 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டராகத் தாவுகிறது. கோளாறா?

இல்லை. உங்கள் ராட்டில் சுவிட்சுகள் அந்த இடைவெளியில் இருக்கின்றன. நீர்த்தொட்டிக்கு இதுவே தாராளம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வேண்டுமென்றால் மேக்னடோஸ்டிரிக்டிவ் வகை (ஃபுளோட் காந்தத்தின் இடத்தைத் துல்லியமாக உணர்வது), விலையும் அதற்கேற்ப.

தொட்டி கழுவிய பிறகு எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் காட்டுகிறது.

ஃபுளோட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். பெரும்பாலான ஃபுளோட்களில் காந்தம் நட்டநடுவில் இருக்காது. மேல்பக்கக் குறியைப் பார்த்துத் திருப்பி மாட்டுங்கள். அடியில் உள்ள நிறுத்து வளையத்தையும் இறுக்குங்கள், இல்லையென்றால் ஃபுளோட் கழன்று தொட்டியின் அடிக்குப் போய்விடும்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. போன மழையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வேறு எரிந்துபோனது.

இரண்டும் வேறு வேறு. தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பக்கத்திலேயே ராட்டை நிறுத்தியிருப்பீர்கள், எதிர் ஓரத்துக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் அடியிலும் மேலேயும் துளையிட்ட பிவிசி குழாய்க்குள் ராட்டை இறக்குங்கள், அலை அடங்கும். சாதாரண இரும்புக் குழாய் கூடாது, காந்தப் புலத்தைக் கெடுக்கும். எரிந்ததற்கு இடியைத்தான் சந்தேகிக்கிறேன். நம் நாட்டு இடிக்கு மொட்டைமாடியில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் கருவி) இல்லாமல் நீண்ட கேபிள் இழுக்கக் கூடாது. கேபிள் ஷீல்டை, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை, பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

ராட் நீளமாக வந்துவிட்டது. அறுத்துக்கொள்ளலாமா?

கூடாது! உள்ளே சுவிட்ச் வரிசை அடிவரை இருக்கிறது. தொட்டி மூடியின் மேல் உயரமான நாசில் (ராட்டைப் பொருத்தும் குழாய்த் துண்டு) வைத்து ராட்டைத் தூக்கி மாட்டுங்கள், பிறகு 4-க்கும் 20-க்கும் உரிய உயரங்களை மறுபடி செட் செய்யுங்கள்.